மெட்டாலிக் பெயிண்ட்: செதில் படுத்தால்தான் பளபளப்பு

மாடல் கட்டுகிறவர்களும் மினியேச்சர் எனும் சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்களும் மெட்டாலிக் அக்ரிலிக் பெயிண்ட் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, சில்வரைப் பிரஷ்ஷால் அடித்தால் சாம்பலாக, திட்டுத் திட்டாக வருகிறது. பாட்டிலைக் குலுக்கித்தான் எடுத்தேன். பெயிண்ட் கெட்டுப்போயிருக்குமா?

கெட்டிருக்காது தம்பி. இந்தப் பெயிண்டின் மினுமினுப்பு முழுக்கச் செதில்களால் வருவது. அலுமினியத்தூளோ, நிறமேற்றிய மைக்காத்தூளோ பிசினுக்குள் மிதந்துகொண்டிருக்கும். அந்தச் செதில்கள் கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி படுத்து அடுக்கினால் வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பிப் பளபளக்கும். குத்திட்டு நின்றால் வெளிச்சம் சிதறும், கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும்.

முதலில் ஒரு பல்குத்தும் குச்சியால் பாட்டிலின் அடியைக் கிளறிப் பாருங்கள். குலுக்கிய பிறகும் அடியில் சேறு மாதிரி படிந்திருந்தால் நீங்கள் அடித்தது பெரும்பாலும் வெறும் பிசின். துருப்பிடிக்காத சிறு எஃகுக் குண்டு இரண்டைப் பாட்டிலுக்குள் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

அடுத்தது தண்ணீர். அதிகம் விட்டால் பிசின் ஒரு பக்கமும் செதில் ஒரு பக்கமும் பிரிந்து ஓடும். ஈரப் பஞ்சின் மேல் தாள் விரித்துப் பெயிண்டை வைக்கும் ஈரப் பேலட்டிலும் இதே கதிதான். மெட்டாலிக்கை எடுத்து வைக்க ஒரு டைல்ஸ் துண்டு போதும். பிரஷ் நுனியை மட்டும் ஈரமாக்கி, கொஞ்சமாகத் தொட்டு, ஒரே திசையில் இழுங்கள். முதல் கோட் திட்டாகத்தான் இருக்கும். பதறிப்போய் அதன் மேலேயே திரும்பத் தடவினால் பாதி காய்ந்த செதில்கள் எழுந்துவிடும். நன்றாகக் காயவிட்டு இரண்டாவது கோட், அப்புறம் மூன்றாவது.

கையால் அடிப்பதற்கு வல்லேஹோ, சிட்டடெல் போன்ற பிராண்டுகள் சுலபம். தமியா அக்ரிலிக் ஆல்கஹால் கலந்தது, சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அதைக் காற்றால் பெயிண்டை ஊதும் ஏர்பிரஷ்ஷுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் அடிக்கும் முதல் பூச்சான பிரைமர் கறுப்பா, சாம்பலா?

நிறத்தைவிட வழவழப்பு முக்கியம். ஐஸ்கிரீம் கடையில் தரும் பிளாஸ்டிக் ஸ்பூன் இரண்டு எடுத்து, ஒன்றில் மேட் (மங்கலான) கறுப்பும் இன்னொன்றில் கிளாஸ் (பளபளப்பான) கறுப்பும் அடித்து, மேலே ஒரே அலுமினியத்தை அடித்துப் பாருங்கள். மேட்டின் மேல் அடித்தது அலுமினியப் பாத்திரம் மாதிரி மங்கலாக இருக்கும். கிளாஸின் மேல் அடித்ததில் ஜன்னல் கம்பி தெரியும். நான் புது பாட்டில் எதையும் ஸ்பூனில் பார்க்காமல் மாடலில் அடிப்பதில்லை.

தங்கத்துக்கும் பித்தளைக்கும் அடியில் செம்பழுப்பு. கறுப்பின் மேல் தங்கம் பச்சை தட்டும்.

சார், இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர் விமானமான பி-51டி மஸ்டாங்கை 1/72 அளவில் கட்டுகிறேன். விமானம் முழுக்க ஒரே சில்வர் அடித்தால் பொம்மை மாதிரி இருக்கிறது.

நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த விமானமும்கூட. பொம்மை மாதிரி தெரிவதற்குக் காரணம், நிஜ விமானம் முழுக்க ஒரே உலோகமாக இருந்ததில்லை. மஸ்டாங்கின் இறக்கையில் காற்று தடையில்லாமல் வழுக்கிப் போகவேண்டும் என்பதற்காக, தொழிற்சாலையிலேயே ஆணித் தலைகளையும் தகட்டு இணைப்புகளையும் மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, மேலே அலுமினிய நிறப் பெயிண்ட் அடித்தார்கள். உடல்பகுதிதான் பூச்சில்லாத வெறும் தகடு. வால் சுக்கானோ துணி போர்த்தி வெள்ளிப் பூச்சு கொடுத்தது.

ஆகவே இறக்கைக்கும் சுக்கானுக்கும் தமியா எக்ஸ்எஃப்-16 மாதிரி மங்கலான அலுமினியம் அடியுங்கள். இறக்கையில் தகட்டு இணைப்பைக் காட்டும் பேனல் கோடுகளில் பெரும்பாலானவற்றை மக்கு வைத்து அடைத்துவிடலாம், அதுதான் சரி. உடலுக்குக் கிளாஸ் கறுப்பின் மேல் வல்லேஹோவின் மெட்டல் கலர் வரிசையில் வரும் அலுமினியம். அது காய்ந்ததும் இரண்டு மூன்று தகடுகளை மட்டும் மறைத்து அதே வரிசையின் டார்க் அலுமினியமோ டியூராலுமினியமோ லேசாக ஊதுங்கள். எல்லாத் தகட்டையும் மாற்றினால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். புகைப்போக்கிக் குழாய்களைச் சுற்றி பர்ன்ட் அயர்ன் நிறம் போதும்.

மெட்டல் கலரில் தின்னர் கலக்கவேண்டுமா? எவ்வளவு அழுத்தம்?

கலக்கவேண்டாம், ஏர்பிரஷ்ஷுக்கு என்றே தயாராக வருகிறது. 12 முதல் 15 பிஎஸ்ஐ, 0.3 மில்லிமீட்டர் ஊசி. தூசி படிகிற மாதிரி மெல்லிசாக நாலைந்து கோட். ஈரமாக வழிய விட்டால் செதில் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கும். சித்திரை வெயிலில் ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும் என்பதால் காலையில் அடியுங்கள், பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டு நுனியை அடிக்கடி துடையுங்கள்.

மேலே மேட் வார்னிஷ் அடிக்கலாமா?

வேண்டாம், அத்தனை உழைப்பும் சாம்பலாகிவிடும். கையில் எடுத்து விளையாடும் மினியேச்சர் என்றால் அரைப் பளபளப்பான சாட்டின் வார்னிஷ்.

அக்கா ஒருவர் கேட்கிறார்: என் வீரனின் தங்கக் கவசம் ஜிகினாத்தாள் ஒட்டியது போல் இருக்கிறது, என்ன செய்வது?

நிழல் இல்லாததுதான் குறை. வீட்டுக் குத்துவிளக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அக்கா. விளிம்பு தேய்ந்து மின்னும், வளையங்களுக்கு நடுவே பழுப்பேறி இருண்டிருக்கும். அதையே கவசத்தில் கொண்டுவாருங்கள். சிட்டடெலின் ரெட்ரிபியூட்டர் ஆர்மர் தங்கத்தின் மேல், ரெய்க்லேண்ட் ஃபிளெஷ்ஷேட் என்ற நீர்த்த பழுப்பு நிழல் பெயிண்டை இடுக்குகளில் ஓடவிடுங்கள், தேங்கியதை உலர்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். காய்ந்ததும் விளிம்புகளில் மட்டும் தங்கத்தோடு துளி சில்வர் கலந்து ஒரு கோடு. இரும்பு வாளுக்கு லெட்பெல்சர் என்ற சில்வர், மேலே நல்ன் ஆயில் என்ற கறுப்பு நிழல் பெயிண்ட்.

சில்வர் கழுவிய தண்ணீரில் மற்ற பிரஷ்ஷை நனைக்காதீர்கள். அடுத்து அடிக்கும் முகத்தின் தோல் நிறத்தில் மினுக்குத்தூள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாஸ்கிங் டேப்பை உரித்தால் சில்வரும் சேர்ந்து வருகிறது.

எனக்கும் ஒரு முறை இறக்கை இணையும் இடத்தில் விரல் அகலத்துக்கு உரிந்து வந்தது. பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பிரைமர் அடித்திருந்தேன். கழுவி, பிரைமர் அடித்து ஒரு நாள், சில்வர் அடித்து இன்னொரு நாள் காயவிடுங்கள். டேப்பை இரண்டு முறை உள்ளங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் மாடலில் ஒட்டுங்கள். உரிக்கும்போது மேலே தூக்காமல், டேப்பை மடக்கிப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள்.