கழுத்து வலிக்கு ஒரு பதில்

அன்புள்ள சார்,

போன மாதம் ரோம் போயிருந்தேன். நீங்கள் எப்போதோ சொன்னதை நம்பி தோரியா பம்ஃபிலி அரண்மனைக்கும் போனேன். ஏமாற்றம்தான். ஃப்ரேம் போடும் கடை மாதிரி தரையிலிருந்து கூரைவரை படங்களை நெருக்கி மாட்டியிருக்கிறார்கள். பல படங்களில் பெயர்கூட இல்லை, வெறும் எண். மேல் வரிசையைப் பார்த்துக் கழுத்து வலி. வெளிச்சமும் சரியில்லை. நல்ல மியூசியம் ஒன்றுக்கே போயிருக்கலாமோ?

எம்.

அன்புள்ள எம்.,

கழுத்து வலியில் எனக்கும் பங்கு உண்டு, மன்னியுங்கள். ஆனால் அது மியூசியம் இல்லை, வீடு. இன்றும் அந்தக் குடும்பத்தின் சொத்து. 18ஆம் நூற்றாண்டில் மாட்டிய வரிசையைத்தான் பெரும்பாலும் காப்பாற்றி வருகிறார்கள். ‘எங்களிடம் இத்தனை இருக்கிறது’ என்று விருந்தாளியை அசர வைப்பதுதான் அன்றைய நோக்கம். எல்லாவற்றையும் நாம் பார்த்தாக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் பாதிக்குமேல் பார்த்ததே இல்லை.

குடும்பத்திலிருந்து போப் ஆன பத்தாம் இன்னசென்ட், படங்களை வாரிசுகள் பிரித்து விற்க முடியாதபடி 1651இல் கட்டிப்போட்டார். இல்லாவிட்டால் எப்போதோ ஏலத்துக்குப் போயிருக்கும்.

அவரையே வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த படம் சின்ன அறை ஒன்றில் இருக்கிறதே, பார்த்தீர்களா? சிவப்புத் திரை, சிவப்பு நாற்காலி, சிவப்பு மேலங்கி. நடுவே சந்தேகத்தோடு நம்மை அளக்கும் இரண்டு கண்கள். கையிலிருக்கும் காகிதத்தில் ஓவியர் தன் பெயரையே எழுதிவிட்டார். ‘அளவுக்கு மீறி உண்மை’ என்று போப் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதே அறையில் பெர்னினி செதுக்கிய அவருடைய பளிங்குத் தலையும் இருக்கிறது. அதில் ஆள் ரொம்ப சாந்தம். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதற்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

அப்புறம் ஓவியர் கராவாஜியோ வரைந்த பைபிள் காட்சி. எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் மரியாள் குழந்தையோடு தூங்கிவிட்டாள். நமக்கு முதுகைக் காட்டி ஒரு தேவதூதன் வயலின் வாசிக்கிறான். மரியாளின் கணவர் சூசையப்பர் இசைக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின்மேல் இன்னொன்றை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குறிப்பு உண்மையானது, பாட முடியும். பின்னால் கழுதையின் ஒற்றைக் கண் வேறு!

வெளிச்சம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஜன்னலுக்கு எதிரே இருப்பவற்றில் வார்னிஷ் பளபளப்புதான் தெரியும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் படம் வந்துவிடும்.