கேளுங்க சொல்றேன்: 6000 இருந்தும் சாயந்திரமே சார்ஜ் போயிடுதே!

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பட்ஜெட் போன் பேட்டரி பத்திதான். அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, ஒரே பட்ஜெட்ல ரெண்டு போன் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல 6000 எம்ஏஹெச் பேட்டரி, ஹீலியோ ஜி85 சிப். இன்னொண்ணுல 5000 தான், ஆனா ஹீலியோ ஜி99. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் 6000ஐ எடு, ரெண்டு நாள் நிக்கும்ங்கிறாங்க. கேமும் கொஞ்சம் ஆடுவேன். எதை எடுக்க? (காலேஜ் படிக்கிற தம்பி)

கேம் ஆடுவேன்னு சொல்லிட்டீங்கல்ல, அப்ப 5000 தான் தம்பி.

எம்ஏஹெச்ங்கிறது டேங்க்ல எவ்ளோ பெட்ரோல் புடிக்கும்ங்கிற கணக்கு, அவ்ளோதான், மைலேஜ் என்னன்னு அது சொல்லாது. கொஞ்சம் கணக்கு போட்டுப் பாப்போம். போன் பேட்டரியோட வோல்டேஜ் சராசரியா 3.85ன்னு வச்சுக்கிட்டா 5000 எம்ஏஹெச்னா சுமார் 19 வாட் அவர், 6000னா 23. வீடியோ பாக்குற மாதிரி லேசான வேலையில போன் ஒண்ணரை வாட் இழுக்குதுன்னா அந்த 19 வாட் அவர் 12 மணி நேரத்துக்கு மேல ஓடும், அதே போன் கேம்ல 4 வாட் இழுத்துச்சுன்னா 5 மணி நேரம்கூட தாண்டாது. ஆக டேங்க் 20 சதவீதம் பெருசா இருந்தும் சிப்பு, அதாவது போனோட மூளை, அதை விட ஜாஸ்தியா குடிச்சா அந்த 6000க்கு என்ன மரியாதை?

ஜி85 வந்தது 2020ல, 12 நானோமீட்டர் முறையில செஞ்ச சிப். ஜி99 வந்தது 2022ல, 6 நானோமீட்டர். இந்த நானோமீட்டர் நம்பர் குறையக் குறைய சிப்புக்குள்ள இருக்குற டிரான்சிஸ்டருங்க, அதாவது குட்டிக் குட்டி சுவிட்சுங்க, சின்னதாகும், அதே வேலையை கம்மி கரண்ட்ல முடிக்கும், சூடும் கம்மி. சிப்புக்குள்ள வேலை பாக்குற ஆளுதான் கோர், ரெண்டுலயுமே 2 பெரிய கோர், 6 சின்ன கோர்தான். சின்னதுங்க ரெண்டுலயும் ஒரே ஏ55ங்கிற மாடல், ஆனா பெருசு ஜி85ல ஏ75, ஜி99ல அதை விடப் புது மாடலான ஏ76. ஆப் திறக்குறது, கேம் லோடு ஆகுறது எல்லாம் அந்த ரெண்டு பெரிய கோரோட தலையிலதான் விழும், அதனால பாக்ஸ்ல ஆக்டா கோர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, எட்டு பேர் வேலை செய்வாங்கன்னு நெனச்சுக்காதீங்க, ரெண்டு பேரு மூட்டை தூக்குவாங்க, ஆறு பேரு கூட நடந்து வருவாங்க. ஜி99 வேலையை சட்டுனு முடிச்சுட்டு சீக்கிரம் படுத்துக்கும், படுத்துக்கிட்டாத்தான் சார்ஜ் மிச்சம்.

எங்க வீட்டுல ஒரு 12 நானோமீட்டர் போன் இருந்துச்சு, பேட்டரி பெருசுதான். வெயில்ல பைக் ஹேண்டில்ல மாட்டி மேப் போட்டுக்கிட்டு போறப்ப கேமரா பக்கத்துல தொடவே முடியாது, அவ்ளோ சூடு, கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன் தன்னால மங்கிடும், எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியாம ஓரங்கட்டி நிறுத்தி உள்ளங்கையால நிழல் கட்டிப் பாக்கணும். சார்ஜ் மட்டும் 60 இருக்கும். இருந்து?

ஆனா ஒண்ணு நியாயமா சொல்லணும். கேமே ஆட மாட்டேன், போன் பேசுவேன், பாட்டு கேப்பேன், மெசேஜ் அனுப்புவேன்னா அந்த 6000 நெசமாவே ரொம்ப நேரம் நிக்கும், ஏன்னா அந்த மாதிரி வேலையில சிப்பு பெருசா குடிக்காது, ஸ்கிரீனும் சிக்னலும்தான் குடிக்கும், அது ரெண்டு போன்லயும் ஒண்ணுதான். உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றது அந்த ஆளுக்கு சரி.

இன்னொரு எச்சரிக்கை, பேரை மாத்தி பழசையே விக்கிறது இந்த ஏரியாவுல சகஜம். ஹீலியோ ஜி100ங்கிறது ஜி99ஓட அதே பிராசஸர்தான், கேமரா பக்கம் கொஞ்சம் தொட்டிருக்காங்க. ஜி81னு புதுசு மாதிரி பேர் இருக்கும், உள்ள அதே பழைய 12 நானோமீட்டர். டைமென்சிட்டி 6020ங்கிற சிப்பு பழைய டைமென்சிட்டி 700க்கு வச்ச புதுப் பேரு. சரி நானோமீட்டரை மட்டும் பாத்தா போதுமான்னா அதுவும் போதாது: ஸ்னாப்டிராகன்னு இன்னொரு கம்பெனி சிப்பு இருக்கு, அதுல 680ம் 6 நானோமீட்டர்தான், 695ம் 6 நானோமீட்டர்தான், பேட்டரி ரெண்டுலயும் நல்லா நிக்கும், ஆனா 680ல இருக்குற பெரிய கோர் பழைய ஏ73, 695ல ஏ78. ஓட விட்டுப் பாத்தா வித்தியாசம் குழந்தைக்குக்கூட தெரியும். அதனால சிப்பு பேரைத் தேடி ரெண்டு விஷயம் பாருங்க, எத்தனை நானோமீட்டர், பெரிய கோர் என்ன.

சார், 8 ப்ளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ரேம்னு போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். ஆனா நாலு ஆப் அப்டேட் ஆகுறப்ப வாட்ஸ்அப்ல டைப் பண்ணினா எழுத்து வர்றதுக்குள்ள டீ ஆறிடுது. ரேம் இவ்ளோ இருந்தும் ஏன்? (ஆபீஸ் போற வாசகி)

அந்த ரெண்டாவது 8 இருக்கே, அது ரேமே இல்லைங்க. ஸ்டோரேஜ்ல கொஞ்சம் இடத்தைப் புடிச்சு ரேம் மாதிரி வேஷம் கட்டி விடுறது. ஸ்டோரேஜ் எப்பவுமே ரேமை விட பல மடங்கு ஸ்லோ, அதனால அதுல போய் உக்காந்த ஆப் திரும்பி வர நேரம் எடுக்கத்தான் செய்யும். செட்டிங்ஸ்ல போய் அதை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நாள் யூஸ் பண்ணிப் பாருங்க, பெருசா எதுவும் இழக்க மாட்டீங்க, 8 ஜிபி நெசமான ரேமே தாராளம்.

உங்க பிரச்சினை வேற இடத்துல இருக்குன்னு நெனைக்கிறேன், ஸ்டோரேஜ் டைப்புல. பட்ஜெட் போன்ல ரெண்டு ஜாதி உண்டு, இஎம்எம்சி, யுஎஃப்எஸ். இஎம்எம்சி ஒத்தையடிப் பாதை, ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும் இல்லாட்டி எழுதும், ரெண்டையும் சேத்துப் பண்ணாது. யுஎஃப்எஸ்ல போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனி லேன். ஆப் அப்டேட் ஆகுறப்ப போன் பின்னாடி எழுதிக்கிட்டே இருக்கு, நீங்க வாட்ஸ்அப் திறந்தா படிக்கணும், இஎம்எம்சியில நீங்க க்யூவுல நிக்கணும். அதான் டீ ஆறுற கதை. வேகமும் அப்படித்தான், இஎம்எம்சி 5.1க்கு உச்சவரம்பே செகண்டுக்கு 400 எம்பி, யுஎஃப்எஸ் 2.2 காகிதத்துல ஆயிரத்தைத் தாண்டும். கடையில எல்லாரும் 128 ஜிபியா 256 ஜிபியான்னு கேப்பாங்க, இது என்ன ஜாதின்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா ஒரு வருஷம் கழிச்சு போன் இழுக்குதேன்னு புலம்பல் வர்றதுக்குப் பாதி காரணம் இதுதான்.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க. ஆட்டோ அப்டேட்டை சார்ஜ் போட்டுத் தூங்குற நேரத்துக்கு விட்டுடுங்க, ஸ்டோரேஜ்ல கொஞ்சம் இடம் காலியா வையுங்க. 128ல 125 நிரம்பியிருந்தா எந்தப் போனும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

120 ஹெர்ட்ஸ் ஆன்ல வச்சா பேட்டரி சீக்கிரம் போகுமா? டார்க் மோடு போட்டா மிச்சமாகுமா?

முதல் கேள்விக்கு, போகும், ஆனா நீங்க பயப்படுற அளவுக்கு இல்ல. ஹெர்ட்ஸ்ங்கிறது செகண்டுக்கு எத்தனை வாட்டி ஸ்கிரீன்ல படத்தைப் புதுசா வரையுதுங்கிற கணக்கு. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் வரைய 16.7 மில்லி செகண்ட் டைம் இருக்கு, 120ல 8.3 தான். அவசர அவசரமா வரையறப்ப சிப்பு கூட உழைக்குது. இதுல காமெடி என்னன்னா சின்ன சிப்பு மேல 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனை மாட்டி விக்கிறாங்க, அந்த சிப்பால 8 மில்லி செகண்டுல வரைஞ்சு தள்ளவே முடியாது, திக்கித் திக்கி ஸ்க்ரோல் ஆகும், சார்ஜும் போகும். அந்த மாதிரி போன்னா 60ல வச்சுட்டு நிம்மதியா இருங்க.

டார்க் மோடு உங்க ஸ்கிரீன் என்னங்கிறதைப் பொறுத்தது. எல்சிடின்னா பின்னாடி லைட்டு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், கறுப்பு காட்டினாலும் எரியும், ஒரு புண்ணியமும் இல்ல. அமோலெட்னா கறுப்புப் புள்ளி அணைஞ்சே போயிடும். அதுலயும் அமெரிக்காவுல பர்டூ யுனிவர்சிட்டிக்காரங்க 2021ல அளந்து பாத்தப்ப, பிரைட்னஸ் 30லேர்ந்து 50 சதவீதம் வச்சிருந்தா மிச்சம் சராசரியா 3லேர்ந்து 9 சதவீதம்தான்னு வந்துச்சு, ஃபுல் பிரைட்னஸ்ல 39லேர்ந்து 47 வரைக்கும். அப்ப ரூமுக்குள்ள கம்மி வெளிச்சத்துல பாக்குறவங்களுக்கு டார்க் மோடு கண்ணுக்கு இதம், பேட்டரிக்கு சில்லறை.

பேட்டரி சேவர் ஆப் எது நல்லது?

எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 6லேர்ந்தே, அதாவது 2015லேர்ந்து, போன் சும்மா கிடந்தா ஆப்களைத் தூங்க வைக்கிற வேலையை அதுவே பாத்துக்குது. இந்த சேவர் ஆப் பின்னாடி முழிச்சு உக்காந்துக்கிட்டு விளம்பரம் காட்டும், அதுக்கும் சார்ஜ் உங்களுதுதான்.

ஐயா, எனக்கும் என் மகனுக்கும் ஒரே மாடல் போன், ஒரே நாள்ல வாங்கினது. அவனுக்கு ராத்திரி 50 சதவீதம் மிச்சம் இருக்கு, நான் யூடியூப்கூட பாக்குறதில்ல, எனக்கு சாயந்திரமே 20. என் போன்ல கோளாறா? (ரிட்டையர்டு வாசகர்)

போன்ல கோளாறு இருக்காதுங்க ஐயா, நீங்க உக்காருற இடத்துலதான் இருக்கும். ஒரு வேலை பண்ணுங்க: செட்டிங்ஸ்ல அபௌட் போன் உள்ள போய் சிம் ஸ்டேட்டஸ்னு இருக்கும், அதைத் தொட்டா சிக்னல் ஸ்ட்ரெங்த்னு ஒரு மைனஸ் நம்பர் காட்டும். மைனஸ் 85, 90 மாதிரி இருந்தா நல்ல சிக்னல். மைனஸ் 115, 120னு இருந்தா டவர் ரொம்ப தூரம், இல்ல நடுவுல கனமான சுவர். பகல்ல வழக்கமா உக்காருற நாற்காலியில வச்சு ஒரு வாட்டி, வாசல்ல வச்சு ஒரு வாட்டி பாருங்க.

ரூமுக்குள்ள இருக்குறவர்கிட்ட நாம வாசல்ல நின்னு பேசினா கத்தித்தானே பேசுவோம், போனும் அப்படித்தான், டவர் தூரமா இருந்தா கத்தும். உச்சத்துல 4ஜி போன் 200 மில்லிவாட் வரைக்கும் அனுப்பும், அதை அனுப்ப பேட்டரியிலேர்ந்து இழுக்குறது அதை விடப் பல மடங்கு. அதோட 5ஜி வந்து வந்து போற இடம்னா 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவுறதுல ஒரு செலவு, ரெண்டு சிம்னா அது இன்னும் ஒரு செலவு. நீங்க போனைத் தொடவே இல்லாட்டியும் அது மேசை மேல கிடந்தபடி கத்திக்கிட்டு இருக்கு பாருங்க. வீட்டுல வைஃபை இருந்தா வைஃபை காலிங் (டவருக்குப் பதிலா வைஃபை வழியா பேசுறது) ஆன் பண்ணுங்க, நெட்வொர்க்கை 4ஜின்னு மட்டும் வையுங்க, யூஸ் பண்ணாத ரெண்டாவது சிம்மை ஆஃப் பண்ணுங்க. ரெண்டு நாள் பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

67 வாட் சார்ஜர் பேட்டரியைக் கெடுக்கும்ங்கிறாங்களே, 18 வாட்லயே போடவா?

வாட் கெடுக்காது, சூடு கெடுக்கும். ஃபாஸ்ட் சார்ஜிங்ல முழு வேகம் முதல் பாதியிலதான். காலி பஸ்ல முதல்ல ஏறுறவங்க சட்டுனு உக்காந்துடுவாங்க, கடைசியில ஏறுறவங்கதான் இடம் தேடி நெளிஞ்சு நெளிஞ்சு போவாங்க, பேட்டரிக்குள்ள லித்தியமும் அப்படித்தான், அதனால 80க்கு மேல போன் தானாவே வேகத்தைக் குறைச்சுடும். தலகாணிக்கு அடியில வச்சு சார்ஜ் போடுறது, சார்ஜ் போட்டுக்கிட்டே கேம் ஆடுறது, வெயில்ல நிக்கிற கார் டாஷ்போர்டு மேல விட்டுட்டுப் போறது, இதுதான் பேட்டரிக்கு எமன். 80ல நிறுத்துற ஆப்ஷன் உங்க போன்ல இருந்தா வீட்டுல இருக்குற நாள்ல ஆன் பண்ணிக்கோங்க, ஊருக்குப் போற அன்னைக்கு எடுத்துடுங்க.

ஆன்டுடு ஸ்கோர் பாத்து போன் வாங்கலாமா?

ஆன்டுடுங்கிறது போனை ஓட வச்சு வேகத்துக்கு மார்க் போடுற ஆப். பாருங்க, ஆனா ஒரே வெர்ஷன்ல எடுத்த ஸ்கோரான்னு செக் பண்ணிட்டுப் பாருங்க, வெர்ஷன் 9ல வந்த நம்பரையும் 10ல வந்த நம்பரையும் பக்கத்துல வச்சா அர்த்தமே இல்ல. முடிஞ்சா யாராவது நாலஞ்சு தடவை விடாம ஓட்டிப் பாத்திருக்காங்களான்னு தேடுங்க. முதல் ஓட்டத்துல எல்லாரும் ஹீரோ, சூடேறினப்புறம்தான் சங்கதி தெரியும்.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

முன்னெல்லாம் இல்ல, இப்ப கொஞ்சம் இருக்கு. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20லேர்ந்து புதுசா சந்தைக்கு வர்ற போன் எல்லாம் 800 சைக்கிள் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்கணும்னு சட்டம். ஒரு சைக்கிள்னா மொத்தமா 100 சதவீதம் செலவானது, இன்னைக்கு பாதி நாளைக்கு பாதின்னா ஒரு சைக்கிள்தான். ஒவ்வொரு போனுக்கும் ஒரு லேபிளும் உண்டு, ஒரு சார்ஜ்ல எத்தனை மணி நேரம், எத்தனை சைக்கிள் தாங்கும், கீழ விழுந்தா என்ன தாங்கும்னு எல்லாம் போட்டிருக்கும். எப்ரெல்னு அவங்க டேட்டாபேஸ் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு, நீங்க பாத்து வச்ச மாடல் அங்க விக்குதுன்னா தேடிப் பாக்கலாம். ஒரே பேர்ல ஒரு நாட்டுல பெரிய பேட்டரியும் இன்னொரு நாட்டுல சின்ன பேட்டரியும் போட்டு விக்கிறாங்க, அதனால எம்ஏஹெச் ஒண்ணா இருக்கான்னு முதல்ல ஒப்பிட்டுக்கோங்க.

இவ்ளோ பேசுறீங்களே, நீங்க என்ன போன் வச்சிருக்கீங்க?

மாட்டிக்கிட்டேன். மேல குறை சொன்னேனே அதே ஸ்னாப்டிராகன் 680தான். போன வருஷம் பேட்டரி மட்டும் மாத்தினேன், இப்ப ஒண்ணரை நாள் வருது. கேமரா திறந்தா ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் திறக்கும், அதுக்குள்ள பூனை எழுந்து போயிடும். இந்த பதிலை அதுலயேதான் டைப் பண்றேன், சார்ஜ் 31 காட்டுது, சார்ஜரை இன்னும் தேடலை.