ஏற்காட்டுக்கு ‘ஒன்பது பாயிண்ட்’ வேன் தேவையா?

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தில் குடியிருக்கிறோம். மே மாத விடுமுறையில் எங்காவது கூட்டிப் போகச் சொல்லிப் பிள்ளைகள் (வயது 4, 9) நச்சரிக்கிறார்கள். ஏற்காட்டில் ஒன்பது பாயிண்ட் காட்ட ஒரு வேன்காரர் 4,000 ரூபாய் கேட்கிறார். முழங்கால் வலியுள்ள மாமியாரும் வருவார். செலவு குறைய வழி உண்டா?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே, சகோதரி? கொடுக்காதீர்கள்.

அந்த ஒன்பது பாயிண்ட் எது எது என்று முதலில் கேளுங்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மலைமேல் நின்று வேடிக்கை பார்க்கும் மூன்று இடங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கணக்கில் மட்டும் மூன்று பாயிண்ட். ஏரி ஒன்று, அதை ஒட்டிய அண்ணா பூங்கா ஒன்று. மிச்சத்தில் ஒரு தைலக் கடையும் மசாலாக் கடையும் நுழைந்திருக்கும். அங்கே உங்களை இறக்கிவிட்டால் அவருக்குக் கமிஷன். என் குடும்பத்தையே ஒருமுறை இப்படி ஒரு கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் பகோடா பாயிண்ட் போனால் மூடுபனி இறங்கிவிட்டது. கைக்கெட்டிய கம்பியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குழந்தை அழுதுவிட்டாள்.

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. சின்னவருக்கு டிக்கெட் இல்லை, பெரியவருக்கு அரை டிக்கெட். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மகளிருக்கு இலவசப் பயணம். எனவே அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் வரை உங்களுக்கும் மாமியாருக்கும் செலவில்லை. மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வயிறு முட்ட இட்லி கொடுத்து ஏற்றாதீர்கள், கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

மேலே இறங்கியதும் முதல் வேலையாக, கீழே வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடமே கேட்டுவிடுங்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் நிற்பவர்களிடம் வந்து “பஸ் போயிடுச்சுங்க, வண்டில கொண்டு போய் விடறேன்” என்று சொல்ல ஆள் இருக்கிறது. பஸ் நேரத்தைக் கண்ணில் படும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலே இந்தப் பேச்சு எடுபடாது. இதைக்கூடச் செய்யாமல் போக்குவரத்துக் கழகத்தார் ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

காசில்லாமல் பார்க்க கிளியூர் அருவி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 300 அடி உயரம், அழகுதான். ஆனால் ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் மழைத்தண்ணீரும் சேர்ந்துதான் அங்கே விழுகிறது. ஏரி வழியாவிட்டால் அருவி வெறும் பாறை. மே மாதத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் நல்ல கோடை மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் வரலாம். ஆனால் அருவிக்கு இறங்கும் படிகள் ஈரமாகி வழுக்கும். இறங்குவதும் ஏறுவதும் முழங்காலுக்குச் சோதனைதான். மாமியாரை மேலேயே உட்கார வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பீர்கள். ஒரு மணி நேரம் தனியாக அவர் என்ன செய்வார்? இந்த முறை கிளியூர் வேண்டாம்.

அவருக்காக இன்னொரு நாள் சேலம் பக்கத்தில் இருக்கும் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். கட்டணமில்லை, படியேற்றமும் அதிகமில்லை. இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் எழுப்பிய கோயில். சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று இருக்கும்; விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. ராமன் நிற்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி தூணருகே போய்த் திரும்பிப் பாருங்கள், ராமன் தெரியமாட்டான். உங்கள் ஒன்பது வயதுக்காரர் இந்த இரண்டு தூணுக்கும் நடுவே நாலைந்து முறையாவது ஓடுவார். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

சின்னவருக்கு மான், மயில் பார்க்க வேண்டுமென்றால் ஏற்காடு மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. கட்டணம் கொஞ்சம்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் புதன்கிழமை போங்கள். ஞாயிறு அளவுக்குக் கூட்டமும் இருக்காது.