ஹூடோன் எப்படி போல்யூ ஆனார்? கியூபெக் முன்னோர்களைத் தேடும் வழி

கேள்வி: கனடாவின் கியூபெக்கிலிருந்து அமெரிக்கா போன குடும்பம். தாத்தா போல்யூ. அவருடைய தாத்தாவைத் தேடினால் ஹூடோன் என்று வருகிறது. ஆள் மாறிவிட்டதா?

ஆள் மாறவில்லை. பழைய பதிவுகளில் "ஹூடோன் டி போல்யூ" என்றே இருக்கும். "டி" என்றால் பிரெஞ்சில் "எனப்படும்". நம் பத்திரங்களில் "என்கிற" போடுவோமே, அதேதான். பல தலைமுறை இரண்டையும் சுமந்துவிட்டு, 19ஆம் நூற்றாண்டில் பலரும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு கிளை ஹூடோன் என்றும் இன்னொரு கிளை போல்யூ என்றும் நின்றுவிட்டது.

இந்த வழக்கத்தின் பெரிய ஊற்று ராணுவம். 1665இல் பிரான்சின் கரிஞ்ஞான்-சாலியேர் படைப்பிரிவில் சுமார் 1,200 பேர் கியூபெக்குக்கு வந்தார்கள், 400 பேர் அளவில் அங்கேயே தங்கினார்கள். சிப்பாய்க்கு ஒரு படைப்பெயர் உண்டு: லாஃப்ளேர் (பூ), சான்சூசி (கவலையற்றவன்). லாஃப்ளேர்கள் ஏராளம், ஒருவருக்கொருவர் உறவே இல்லாமல். ஆகவே டி பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரு குடும்பங்களை இணைக்காதீர்கள்.

ஆண் பெயர் இப்படி வழுக்கும்போது கைகொடுப்பது பெண்ணின் பெயர். கியூபெக்கின் பங்குப் பதிவேடுகளில், அதாவது கத்தோலிக்கக் கோவில் பதிவேடுகளில், ஒரு பெண் ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருப்பாள். எனவே தேடலில் தம்பதியின் இரு பெயர்களையும் சேர்த்தே போடுங்கள்.

பிறப்பிலிருந்து பிறப்புக்குத் தாவாதீர்கள், திருமணத்திலிருந்து திருமணத்துக்குப் போங்கள். முதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தந்தையர் பெயரும், பெரும்பாலும் ஊரும் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடினால் அடுத்த படி. பதிவு கிடைக்காவிட்டால் மணமகளின் ஊர்க் கோவிலைப் பாருங்கள், திருமணம் அங்கேதான் நடப்பது வழக்கம். மறுமணம் செய்த விதவை என்றால் பெற்றோருக்குப் பதிலாக, இறந்த கணவரின் பெயர்தான் இருக்கும். அப்போது அவளுடைய முதல் திருமணத்தைத் தேட வேண்டும். நிறையப் பேர் வழி அடைபட்டுவிட்டதாக நினைத்து நிற்பது இங்கேதான்.

பதிவேடுகள் 1621இலிருந்து இருக்கின்றன. 1640இல் கியூபெக் நகரக் கோவில் எரிந்தபோது அழிந்தவற்றை நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். 1679 முதல் இரண்டு பிரதிகள், ஒன்று கோவிலுக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஒரு படம் மங்கலாக இருந்தால் மற்ற பிரதியைத் தேடுங்கள். இந்தப் பதிவேடுகளைப் படமெடுத்து வைத்திருக்கும் ட்ரூவன் (Drouin) தொகுப்பிலும் கியூபெக் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் படங்கள் கிடைக்கும். 1871–1890இல் வந்த தாங்கேயின் (Tanguay) 7 தொகுதி வம்சாவளி அகராதி நல்ல வழிகாட்டி, ஆனால் பிழைகள் உண்டு. மூலப் பதிவைப் பார்க்காமல் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

ஞானஸ்நானத்தில் பெண் குழந்தைக்கு மரி, ஆண் குழந்தைக்கு ஜோசஃப் என்று முன்னால் சேர்ப்பது வழக்கம். வீட்டில் அழைத்த பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஒரு குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயரை வைப்பார்கள். அடக்கப் பதிவைப் பார்க்காமல் விட்டால், இறந்த குழந்தையே உங்கள் மரத்தில் வளர்ந்து கல்யாணம் செய்துகொள்ளும்!

எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். பல பதிவுகளின் கடைசி வரியில் "கையொப்பமிடத் தெரியாது" என்றிருக்கும். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். "ஓ" என்று முடியும் ஒரு பெயர் நாலைந்து விதமாக வரும், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

எல்லை தாண்டியதும் பெயர் மொழிபெயர்க்கப்பட்டிருக்கலாம். ருவா (அரசன்) கிங் ஆனார், புவாவேர் (பச்சை மரம்) கிரீன்வுட் ஆனார், குர்த்மான்ஷ் ஷார்ட்ஸ்லீவ் ஆனார். அமெரிக்கக் குடிக்கணக்கில் மனைவி கணவர் பெயருக்குப் போய்விடுவாள். அங்குள்ள கத்தோலிக்கக் கோவிலின் திருமணப் பதிவில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்தால், அதை வைத்துக் கியூபெக்குக்குத் திரும்பலாம்.