படியேறும்போது மட்டும் வருவது துக்கம் இல்லை

உங்களுக்குப் புத்தி எதுவும் பேதலிக்கவில்லை, ஐயா. மனைவி இறந்து நான்கு மாதம் ஆன பிறகும் விடியற்காலையில் அவர் ‘என்னங்க’ என்று கூப்பிடுவது காதில் கேட்கிறது, பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தவரின் குரலையோ உருவத்தையோ, பக்கத்தில் இருப்பதையோ உணர்ந்திருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பெரும்பாலோர் வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நல்லது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோகிறது என்கிறீர்களே, அதுவும் துக்கத்தில் சகஜம்.

என்னைக் கவலைப்பட வைத்தது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. துணி காயப்போட மாடி ஏறும்போது அவர் நினைவு வந்து நெஞ்சை அடைக்கிறது, நடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். துக்கம் படிக்கட்டைப் பார்த்து வராது. உடம்பை வருத்தும்போது வந்து, நின்றால் அடங்குகிற நெஞ்சடைப்பு என்றால், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்கு 64 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு. வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் போனதிலிருந்து அதையும் சரியாகப் போடவில்லை.

நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி சரியாக இருந்தாலும் அதோடு திரும்பிவிடாதீர்கள். படியேறும்போது வருகிறது என்பதை அழுத்திச் சொல்லுங்கள், மேற்கொண்டு என்ன பரிசோதனை என்று அவர் முடிவு செய்வார். அதுவரை மாடி வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைத்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ, கேஸ் என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் இணையத்தில் படித்த ‘உடைந்த இதய நோய்’, அதாவது பெரிய துக்கத்தில் இதயத் தசை திடீரென்று பலவீனமாவது, உண்மையில் உள்ளதுதான். ஆனால் அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அதிர்ச்சியை ஒட்டித் திடீரென்று வருவது. மாதக்கணக்கில் படியில் மட்டும் வந்து போகாது. செல்போனைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கும் நேரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கலாம்.

மனைவிக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையை நீங்கள் ஏன் போடுகிறீர்கள்? கேட்டதும் சீட்டில்லாமல் கொடுத்த மருந்துக்கடைக்காரர் மேலும் எனக்குக் கோபம்தான். இரண்டு மாதமாகத் தினமும் போட்டிருப்பதால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்த அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். விட்டுப்போன சர்க்கரை, பிபி மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து, சாப்பிடும் இடத்திலேயே வையுங்கள். இத்தனை வருடம் அவர் செய்துவந்த வேலை, இனி உங்களுடையது.

மகள் வீட்டுக்கே போய்விடுவதா, தனியாகச் சமைத்து இருந்துகொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதயம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு மகளை வரச்சொல்லி, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.