ஐந்தாவது கியருக்கு நகையை வைக்கலாமா?

கேள்வி: அப்பா 1991-இல் வாங்கிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இன்னும் ஓடுகிறது. பூஜோ டீசல் என்ஜின், நாலு கியர். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். வார நாட்களில் கம்பெனி பஸ்தான். ஞாயிறு மாந்தோட்டத்துக்கும், மாதம் ஒருமுறை அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கமும் ஜீப்பில் போவேன். வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும். ஹைவேயில் 60-ஐத் தாண்டினால் என்ஜின் அலறுகிறது. செகண்ட் கியர் விழும்போது கரகரவென்கிறது. பழைய பொலேரோ ரக ஐந்து கியர் பெட்டி போட மெக்கானிக் 1,40,000 ரூபாய் சொல்கிறார். என் பழைய பெட்டியைக் கொடுத்தால் 15,000 கழித்துக்கொள்வாராம். டீசல் மிச்சத்திலேயே காசு திரும்பிவிடும் என்கிறார். சம்பளம் கையில் 46,000. வங்கியில் 3 லட்சம் டெபாசிட், மனைவியிடம் 8 பவுன் நகை. விவசாய நகைக்கடன் வாங்கிப் போடு என்கிறான் தம்பி. மகள் இந்த வருடம் பிளஸ் ஒன். என்ன செய்யட்டும்?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்த டீசல் கணக்கை முடித்துவிடுவோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் உங்களுக்கு வருடத்துக்கு 400 லிட்டர் ஆகும். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 37,200 ரூபாய். ஐந்தாவது கியர் உதவுவது ஹைவேயில் மட்டும். தோட்டத்து வண்டிப்பாதையில் அதைத் தொடவே மாட்டீர்கள். ஓட்டத்தில் பாதி ஹைவே என்றும், அதில் பத்து சதவீதம் மிச்சம் என்றும் தாராளமாகவே வைப்போம். வருடத்துக்கு 1,860 ரூபாய். 1,40,000 திரும்ப 75 வருடம் பிடிக்கும். உங்கள் மெக்கானிக் கெட்டவர் இல்லை, பெருக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இது ஆசைச் செலவு. ஆசைச் செலவு செய்யக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்பா ஓட்டிய வண்டி, உங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியும். நாலு கியர் பெட்டியில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பெட்டியிலிருந்து வெளியே வருவதும் ஒரு சுற்று. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றிய என்ஜின் அதே வேகத்தில் 2,550-இல் ஓடும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழும். அந்தச் சுகத்துக்கு விலை கொடுக்கிறீர்கள். பிழையில்லை. அதை ஆசைக்கென்று ஒதுக்கிய காசில் வாங்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளும் வேறு வேறு. செகண்ட் கியர் கரகரப்பது பெரும்பாலும் சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்ததாலோ கிளட்ச் முழுதாக விடாததாலோ வருவது. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் பக்கம் தேடச் சொல்லுங்கள். இருக்கும் பெட்டியைப் பிரித்து ரிங், பேரிங், சீல் மாற்ற எவ்வளவு என்று தனி எஸ்டிமேட் வாங்குங்கள். கரகரப்பு போய்விட்டால் ஐந்தாவது கியர் ஆசையும் பாதி குறையலாம். குறையவில்லை என்றாலும் நஷ்டமில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்த 1,40,000-இல் என்னென்ன அடக்கம்? சாலையில் பார்க்கும் பொலேரோக்கள் பெரும்பாலும் பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ளவை. அந்தப் பெட்டியோடு டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி, வராது. ஃபோர் வீல் வண்டியிலிருந்து எடுத்த பெட்டிதானா என்று கேளுங்கள். பெட்டியின் நீளம் மாறினால் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன், பின் ஜாயிண்ட் ஷாஃப்டுகளின் நீளத்தை லேத்தில் மாற்ற வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் (கிராஸ் மெம்பர்) மவுண்டிங் நகரும். கியர் கம்பி வேறு இடத்தில் வந்தால் தரைத் தகட்டை வெட்ட வேண்டும். கிளட்ச் பிளேட்டின் நடுப் பற்கள் (ஸ்ப்லைன்) பொருந்தாவிட்டால் புதுப் பிளேட். ஸ்பீடோமீட்டர் கேபிள் வேறு. இவை ஒவ்வொன்றும் எஸ்டிமேட்டில் எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் மனதுக்குள் 1,80,000 என்று எழுதிக்கொள்ளுங்கள். மாந்தோட்ட மேட்டில் கூடை ஏற்றிக்கொண்டு ஏறுகிறவர் நீங்கள். புதுப் பெட்டியின் முதல் கியர் பழையதைவிட வேகமானதாக, அதாவது இழுவை குறைந்ததாக இருந்தால் அங்கே கிளட்ச்தான் எரியும். விகிதத்தைக் கேட்காமல் பெட்டி வாங்காதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எஸ்டிமேட் என்றால் புதுப் பாகங்களின் விலையை மறுபடி கேளுங்கள்.

பணத்துக்கு வருவோம். தம்பி சொன்னதைக் கேட்காதீர்கள். விவசாயக் கடனுக்கு 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம் என்பது 3 லட்சம் வரை பயிர்ச் செலவுக்கென்று அரசு வட்டியில் பங்கு போட்டுத் தருவது. அதை வாங்கி கியர்பாக்ஸ் போட்டால் சொன்ன காரியம் ஒன்று, செய்த காரியம் ஒன்று. நாளைக்கு உண்மையிலேயே மருந்தடிக்கவும் உரத்துக்கும் வேண்டியபோது அந்த வரம்பு நிரம்பிக் கிடக்கும். சாதாரண நகைக்கடன் என்றால் 1,50,000-க்கு 9.5 சதவீதத்தில் வருடத்துக்கு 14,250 ரூபாய் வட்டி. தனியார் கடையில் 18 சதவீதம் என்றால் 27,000. நகை மனைவியுடையது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். கடிதத்தில் அவர் கருத்து எங்கேயும் இல்லை.

கடன் வாங்கியே தீருவேன் என்றால் டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்குவது மலிவு. டெபாசிட் வட்டியைவிடப் பொதுவாக 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல். 1,50,000-க்கு அந்த வித்தியாசம் வருடத்துக்கு 1,500 முதல் 3,000 ரூபாய். ஆனாலும் என் ஓட்டு அதற்கும் இல்லை. 46,000 சம்பளக் குடும்பத்துக்கு அந்த 3 லட்சம் ஆறேழு மாதத்துக் காப்பு. இன்னும் இரண்டு வருடத்துக்குள் கல்லூரி ஃபீஸ் வேறு வருகிறது.

உங்களுக்கு மாம்பழ வருமானம் இருக்கிறது. அதை மறந்தே கேள்வி எழுதியிருக்கிறீர்கள். இப்போது பழைய பெட்டியை மட்டும் சரி செய்யுங்கள். மாதம் 5,000 தனிக் கணக்கில் போடுங்கள். மண்டியில் பணம் வந்ததும், மகள் ஃபீஸுக்கென்று எடுத்து வைத்தது போக ஒரு பங்கை அதில் சேருங்கள். இரண்டு சீசனில் கைக்காசிலேயே பெட்டி வரும்.

அதற்குள் ஆர்.சி. புதுப்பிப்பைப் பாருங்கள். சொந்த வண்டிக்கு முதல் 15 வருடம் போய் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 1991 வண்டிக்கு 2026-இல் வருகிறது. 20 வயது தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், பசுமை வரி தனி. தாமதித்தால் மாதம் 500 வீதம் ஏறும். பெட்டி கழற்றிய வண்டியை எஃப்.சி.க்குக் கயிறு கட்டி இழுத்துப்போக முடியாது. அதனால் எஃப்.சி. முதலில், பெட்டி பிறகு.

ஆர்.சி.யில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் உண்டு, கியர்பாக்ஸ் எண் கிடையாது. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சேசிஸை வெட்டி ஒட்டும் வேலை வந்தால் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம். விபத்துக்குப் பிறகு சேதம் பார்க்க வரும் சர்வேயர் தானே கண்டுபிடித்தால் கிளெய்மில் வாக்குவாதம் வரும்.

கடைசியாக அந்த 15,000. வேண்டாம், கொடுக்காதீர்கள். 50 வயதான வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய விதி வந்தது. சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. உங்கள் ஜீப்புக்கு 2041-இல் 50 ஆகும். அன்று மூலப் பெட்டியோடு நிற்கும் எம்எம் 540 தேடுகிறவர்கள் இருப்பார்கள். அதனால்தான் பழைய பெட்டியைச் சரி செய்யும் காசு வீணில்லை என்றேன். புதுப் பெட்டி வந்த அன்று பழையதில் எண்ணெய் ஊற்றி, வாய் அடைத்து, சாக்கில் சுற்றித் தோட்டத்து ஷெட்டில் வையுங்கள். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம், பில்லில் பெட்டியின் எண்ணை எழுதி வாங்குங்கள்.