படகில் தளமும் இருக்கையும் போட நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறேன். வயது 41. சொந்தமாக 28 அடி ஃபைபர் படகும் 9.9 குதிரைத்திறன் மோட்டாரும் இருக்கிறது, கடன் இல்லை. வலைத்தொழில்தான். மாதம் சுமார் 60,000 ரூபாய்க்கு மீன் விற்கும். எரிபொருள், பங்கு எல்லாம் போக எனக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் நிற்கும். இப்போது மதுரை, கோவை பக்கமிருந்து ராடு, ரீலோடு ஆட்கள் வருகிறார்கள். நாலு பேராக வந்து பாரை, ஊழி பிடித்துவிட்டு ஒரு நடைக்கு 5,000 ரூபாய் தருகிறார்கள். எரிபொருளுக்கு 1,000 போகும். படகில் உட்கார இடமில்லை என்பதுதான் குறை. முன்னும் பின்னும் தளம் அடித்து, ஆறு சுழலும் இருக்கை, மேலே கூரை, ஒரு எக்கோ (ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் கருவி) எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகும் என்று படகு கட்டுபவர் சொல்கிறார். கையில் 80,000 இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையை வைக்கலாமா? மீன் வியாபாரி ஒருவர் வட்டியில்லாமல் முன்பணம் தருகிறேன் என்கிறார். எது நல்லது? (எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டோம்.)

பதில்: வியாபாரியின் பணத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். வட்டி இல்லை என்றால் அவர் ஏன் தருகிறார்? உங்கள் மீன் வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதற்காக. விலையை அவர்தான் சொல்வார். நூற்றுக்கு 5 ரூபாய் குறைத்துப் போட்டாலே 60,000 ரூபாய் மீனுக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. 1,60,000 ரூபாய் முன்பணத்துக்கு இது 22.5 சதவீத வட்டி. அதுவும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். வங்கியில் 9.5 சதவீதத்துக்கு நகைக்கடன் வாங்கினால் அதே தொகைக்கு ஆண்டு வட்டி 15,200 ரூபாய். கடனில்லாத படகு வைத்திருப்பவர் நினைத்த ஏலத்தில் மீனைப் போடலாம். அந்த உரிமையை இருக்கைக்காக விற்காதீர்கள்.

அதற்காக நகையை வைத்து 2,40,000 ரூபாய் வேலையைச் செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். காரணம் நீங்கள் எழுதிய கணக்கிலேயே இருக்கிறது.

5,000 ரூபாயில் எரிபொருள் 1,000 போனால் 4,000 நிற்கும் என்று நினைக்கிறீர்கள். அந்த ஆயிரம், மானிய மண்ணெண்ணெய் விலையில் போட்ட கணக்கு போலத் தெரிகிறது. அது மீன்பிடிக்கக் கொடுப்பது. வாடகைக்கு ஆள் ஏற்றும் நடைக்கு அதைச் சேர்க்காதீர்கள். விதிக்கு மட்டுமல்ல, உங்கள் கணக்குக்கும் அது பொய் சொல்லும். சந்தை விலையில் 1,800 என்று வைப்போம். கூட வரும் ஆளுக்கு 700, இரை, ஐஸ், தண்ணீர் 300. மீதி 2,200.

இதில் ஞாயிறும் சனியும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை படகு கரையில் சும்மா கிடக்கும் நாள், அதனால் 2,200 ரூபாயும் புது வரவு. சனிக்கிழமை அப்படியில்லை. அன்று வலைக்குப் போயிருந்தால் 1,200 வந்திருக்கும், ஆகவே கூடுதல் வெறும் 1,000 ரூபாய். உங்களோடு பங்குக்கு வருகிறவர்களுக்கு அன்று வேலையே இல்லை என்பதையும் பாருங்கள். நாலு சனிக்கிழமை சும்மா இருந்தால் ஐந்தாவது வாரம் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு நடைக்கு ஊர்க் கமிட்டி என்ன சொல்லும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். “தொழில் இல்லை, சவாரிதான்” என்று நீங்கள் சொல்லலாம். தூண்டில் போட்டு மீனோடு திரும்பும் படகைப் பார்த்து மற்றவர்கள் அப்படிச் சொல்வார்களா? காசு போடும் முன்பே கமிட்டியில் பேசி முடியுங்கள். ஞாயிறு இல்லையென்றால் இந்தத் திட்டத்தின் பெரும்பகுதி லாபம் இல்லை.

சரி, ஞாயிறு கிடைக்கிறது என்றே வைப்போம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆனி, ஆடியில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை. இடையில் கெடும் நாட்களையும் கழித்தால் ஆண்டுக்கு ஏழு மாதம் தேறும். மாதம் இரண்டு ஞாயிறு, இரண்டு சனி என்றால் 14 ஞாயிறுக்கு 30,800, 14 சனிக்கு 14,000. ஆக 44,800 ரூபாய். 2,40,000 ரூபாயைத் திரும்ப எடுக்க ஐந்தரை ஆண்டுக்கு மேல்கூட ஆகும், ஏனென்றால் வட்டியை நான் இன்னும் கழிக்கவில்லை. முதல் ஆண்டு வட்டி 15,200 போனால் 29,600தான் மிஞ்சும். அதற்குள் இருக்கைத் துணி கிழியும், சுழலும் அச்சு துருப்பிடிக்கும், திருகு போட்ட துளை வழியாகத் தண்ணீர் இறங்கித் தளத்துக்குள் இருக்கும் பிளைவுட் ஊற ஆரம்பிக்கும்.

இன்னொரு செலவு எந்தக் கொட்டேஷனிலும் வராது: எடை. 12 மி.மீ. மரைன் பிளைவுட், 8-க்கு 4 அடிப் பலகை ஒன்று மட்டும் 25 கிலோ அளவுக்கு இருக்கும். அதன்மேல் ஃபைபர் பூச்சு, கீழே சட்டம், ஆறு இருக்கை, கூரைக் குழாய், பேட்டரி. 9.9 மோட்டார் இந்த எடையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் இழுக்கப் போவதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வலைக்குப் போகும்போதும் இழுக்கும். கரையில் ஏற்றும்போது கூட இரண்டு ஆள் வேண்டும். நிரந்தரமாகத் தளம் அடித்துவிட்டால் வலையைப் போட்டு வைக்கவும் நின்று இழுக்கவும் இடம் சுருங்கும். மாதம் 60,000 ரூபாய் மீன் கொண்டுவரும் படகு 55,000 கொண்டுவர ஆரம்பித்தால், தூண்டில்காரர்கள் தரும் லாபம் அதிலேயே போய்விடும்.

கூரை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. நிழல் நல்லதுதான். ஆனால் ஒடுக்கமான படகில் எடை மேலே ஏற ஏறப் படகு புரளும். கூரை காற்றையும் பிடிக்கும், ராடு வீசவும் தடை. 2023 மே 7-ம் தேதி கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேர் உயிரைப் பறித்த உல்லாசப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். மேல்தளமும் அளவுக்கு மீறிய ஆட்களும் சேர்ந்தன. உரிமையாளர் கைதானார். நம் பக்கத்தில் 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகில் சுற்றிப் பார்க்கப் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் பிழைப்புக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தப் படகு. ஒரு விபத்து வந்தால் படகு, நகை, வீடு மூன்றும் வழக்குக்குப் போகும்.

ஆகவே காப்பீட்டுக்கு வருவோம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது, இறப்புக்கு 5 லட்சம் ரூபாய். அது உங்களுக்கும் உங்கள் பங்காளிகளுக்கும் உதவும். கோவையிலிருந்து வந்த ஆளுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கான காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். படகின் பதிவு மீன்பிடிப் படகு என்று இருக்கும்போது, கட்டணம் வாங்கி ஏற்றிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தருமா என்பதை முகவர் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

அனுமதியும் அப்படியே. உங்கள் படகு மீன்பிடிக்கப் பதிவானது. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் உரிமமும் மீன்பிடிக்கத்தான். கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவது வேறு வேலை. மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு மனு, தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கு ஒரு மனு கொடுத்துப் பதிலுக்குக் காத்திருங்கள். படகின் அமைப்பை மாற்றினால் பதிவில் எதைத் திருத்த வேண்டும் என்றும் அதே மனுவில் கேளுங்கள். பதில் “முடியாது” என்று வந்தால் தபால் செலவோடு தப்பித்தீர்கள். அப்படி வந்தால் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி நடத்துகிறார்கள். தனி ஆளாக அனுமதிக்கு அலைவதைவிட ஊராகக் கேட்பது எளிது.

அப்புறம், வருகிறவர்கள் “வடக்கே தீவுப் பக்கம் போவோம், பாறை மீன் கிடைக்கும்” என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. கூட 2,000 தருகிறேன் என்றாலும் அந்தப் பக்கம் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் என்ன செய்யலாம்? 75,000 ரூபாய்க்குள் முடியும் வேலையைச் செய்யுங்கள். முன்பக்கம் மட்டும் தளம், அதுவும் இரண்டு பலகையாக, போல்ட்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வலைக்குப் போகும்படி. உயரம் படகின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும், மேலே வழுக்காத பூச்சு. பின்பக்கத்துக்குத் தளம் வேண்டாம். இருக்கும் குறுக்குப் பலகைகளில் மெத்தை வைத்த இருக்கை நாலு போதும், ஆறு வேண்டாம். ஆறு இருக்கை போட்டால் ஆறு பேர் ஏறுவார்கள், உங்களோடும் உதவியாளோடும் எட்டு. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று, ஒரு நல்ல ஐஸ் பெட்டி, முதலுதவிப் பெட்டி. எக்கோ இப்போது எதற்கு? பாரை எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்குத்தானே அவர்கள் 5,000 தருகிறார்கள்.

கழற்றக்கூடிய வேலையில் இன்னொரு நன்மை உண்டு. நாளை படகை விற்க நேர்ந்தால் வாங்க வருபவரும் மீனவராகத்தான் இருப்பார். அவருக்குச் சுழலும் இருக்கையும் கூரையும் தேவையில்லாத சாமான். பிரித்தெடுக்கும் கூலியை விலையில் குறைப்பார்.

கையில் உள்ள 80,000 ரூபாயையும் இதில் போட்டு முடிக்காதீர்கள். 40,000 எடுங்கள், மீதி 40,000 மோட்டார் பழுதுக்கு இருக்கட்டும். 35,000 மட்டும் வங்கி நகைக்கடன். இன்றைய தங்க விலையில் ஒரு பவுனுக்குள் முடிந்துவிடும், ஆண்டு வட்டி 3,325 ரூபாய். ஓட்டம் நன்றாக இருந்தால் ஆறு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. வலை, எரிபொருள், ஐஸ் போன்ற நடைமுறைச் செலவுக்கான கடன் அது. தவணையைத் தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். இதுவரை வாங்கவில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்கை வாங்கக் கூடாது, ஆனால் வலைச் செலவு அதற்குப் போனால் சொந்தப் பணம் கையில் தங்கும்.

ஒரு நோட்டுப் போட்டு தூண்டில் நடைகளை மட்டும் தனியாக எழுதுங்கள்: தேதி, கிழமை, வந்த ஆள், வாங்கிய பணம், எரிபொருள் லிட்டர், அன்று பக்கத்துப் படகுக்கு வலையில் என்ன கிடைத்தது. பின்பக்கத் தளத்தைப் பற்றியோ எக்கோவைப் பற்றியோ மறுபடி யோசனை வந்தால், மூன்று மாதப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். கூரைக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.